மாத்தளை ஸ்டேஷனில் ஒரு கடல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து அப்போதுதான் பத்திரிகையை விரித்திருந்தேன். அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, என்னைய ஒரு டூர் கூட்டிட்டுப் போவியா?"

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். அக்காவா டூர் கேட்கிறாள்? ஐம்பத்தொன்பது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக? நுவரெலியாவுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். மடுவுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை வேளாங்கண்ணிக்கே டிக்கட் போட்டுத் தருகிறேன் என்றேன். "கோழிக்கு யாரு தீனி வைக்கிறது?" என்று ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிடுவாள்.

"எங்கக்கா போகணும்?"

"மாத்தளைக்கு."

வாசகர்களே, அக்காவின் வீடு நாவுலயில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் மாத்தளை. உலகத்திலேயே மிகச் சின்ன டூர் இதுவாகத்தான் இருக்கும்!

"அக்கா, போன கெழமையும் மாத்தளைக்குப் போனியே?"

"க்ளினிக்குக்குப் போனேன். ஊரப் பாக்கவா போனேன்?"

நியாயம்தானே? ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, பேங்க், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குவைத்துக்குப் போகப் பாஸ்போர்ட் படம்... அந்த டவுனுக்கு அவள் ஒரு நூறு தடவையாவது போயிருப்பாள். போனதெல்லாம் க்யூவில் நிற்க. வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். நம்மில் பலருக்கும் பக்கத்து டவுன் இப்படித்தான். பாரிஸ் பார்க்க ஆசைப்படுவோம்... பக்கத்துத் தெரு தெரியாது.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். அடுத்த மாதம் சிலாபத்துக்குப் போகிறாளாம், மகளோடு இருக்க. மச்சான் இறந்து மூன்று வருடம். மகள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அக்கா சம்மதித்துவிட்டாள்.

"போனா இனி எப்ப இந்தப் பக்கம் வருவேனோ. ஒரு ராத்திரி தங்கணும். தங்கினாத்தானே டூரு?"

"சரிக்கா. அங்க என்ன பாக்கணும்?"

"எல்லாம் பாக்கணும். முக்கியமா அந்த ஸ்டேஷன். நீ சொன்ன கடல் வரைஞ்ச சுவர்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன், பேச்சையும் மாற்றினேன்.

ஏன் என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் பிறந்தது ரத்தோட்டைக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து மாத்தளைக்கு டூர் போனார்கள். பஸ் அல்ல, கொழுந்து ஏற்றுகிற லொறி. டவுனைப் பார்ப்பது, கோயில் கோபுரம் பார்ப்பது, பிறகு ஸ்டேஷனில் ரயில் பார்ப்பது. இதுதான் ப்ரோக்ராம். எங்கள் வீட்டிலிருந்து நான் போனேன். அக்கா போகவில்லை. லொறியில் இடமில்லை என்று பெரிய வாத்தியார் சொன்னதாக எனக்குச் சொல்லப்பட்டது.

அவளுடைய சப்பாத்தைத்தான் நான் போட்டுக்கொண்டு போனேன். எனக்குப் பெரிது. முன்பக்கத்தில் பத்திரிகைத் தாளை உருண்டையாக்கித் திணித்து, லேஸை இறுக்கிக் கட்டிவிட்டாள். "எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினாள்.

நான் என்ன பார்த்தேன் தெரியுமா?

ஒன்றும் பார்க்கவில்லை.

மூன்றாவது வளைவிலேயே வாந்தி ஆரம்பித்துவிட்டது. ரத்தோட்டை வருவதற்குள் வயிற்றில் எதுவும் இல்லை. மாத்தளையில் மற்றப் பிள்ளைகள் இறங்கினார்கள், ஏறினார்கள், கத்தினார்கள். நான் லொறிக்குள் சாக்குகளின் மேல் படுத்திருந்தேன், மூக்கில் ஒரு எலுமிச்சங்காயை வைத்துக்கொண்டு. ஸ்டேஷனுக்கு வெளியே லொறி நின்றபோது ரயிலின் ஹோர்ன் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் ஒன்றுதான் நான் பார்த்த மாத்தளை.

சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். அக்கா பாதையிலேயே காத்திருந்தாள். "என்னென்ன பாத்த? சொல்லு, சொல்லு!"

அந்த முகத்தைப் பார்த்து ஒரு எட்டு வயதுப் பையன் என்ன சொல்ல முடியும்?

சொன்னேன். மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். தண்டவாளம் முடிகிற இடத்தில் பெரிய வெள்ளைச் சுவர் இருக்கிறது, அதில் கடல் வரைந்திருக்கிறது, அலை, தோணி எல்லாம் இருக்கிறது, ட்ரைவர் அந்தக் கடலைப் பார்த்துத்தான் ப்ரேக் பிடிப்பார் என்றேன். நான் கடலைக் கண்டதில்லை. பாதர் வீட்டுக் காலண்டரில் ஒரு கடல் இருந்தது. அதைத்தான் எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

மற்றப் பிள்ளைகள் காட்டிக்கொடுத்துவிடுவார்களே? அதற்கும் வழி செய்தேன். "ஸ்டேஷன் மாஸ்டர் என்னைய மட்டும்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு."

எட்டு வயதில் எழுத்தாளனாகிவிட்டேன் போலிருக்கிறது!

நாற்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. நான் கொழும்புப் பக்கம் வந்து, எழுத ஆரம்பித்து, நரைத்தும் போய்விட்டேன். அந்தச் சுவர் அக்காவின் மனதில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

சரி, டூருக்கு வருவோம்.

நாவுலயில் பஸ் ஏறியபோது அக்காவிடம் மூன்று பைகள். ஒன்றில் உடுப்பு. மற்றொன்றில் அவித்த மரவள்ளிக் கிழங்கு, கட்டச் சம்பல், ஒரு டசின் வாழைப்பழம். மூன்றாவதில் இரண்டு பெட்ஷீட், ஒரு எலக்ட்ரிக் கேத்தல், தேயிலை, சீனி. செலவு குறைந்த சுற்றுலா எப்படி என்று யூடியூபில் பாடம் நடத்துகிறவர்கள் எங்கள் அக்காவிடம் ட்யூஷன் எடுக்கலாம்.

"எதுக்குக்கா கேத்தல்? அங்க டீ குடுப்பாங்க."

"அவங்க கேத்தல எப்ப கழுவினாங்களோ!"

மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அம்மா வாடகைக்கு விடுகிற அறையைப் பேசி வைத்திருந்தேன். இரண்டு கட்டில், ஒரு ஃபேன். அக்கா உள்ளே போனதும் விரித்திருந்த பெட்ஷீட்டை உருவி மடித்து வைத்தாள். தன்னுடையதை விரித்தாள். கேத்தலைப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் அந்த அறை அவளுடைய நாவுல வீடாகிவிட்டது.

"சரி, ஸ்டேஷனுக்குப் போவோமா?"

"மொதல்ல கோபுரம் பாப்போம்கா. வெயில் வந்தா கால் சுடும்."

அம்மன் கோயில் கோபுரத்தின் கீழே அவள் கழுத்து வலிக்கும்வரை நின்றாள். ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தாள். "பஸ்ல போறப்ப எத்தனையோ தடவ பாத்திருக்கேன்டா. கண்ணுல ஒரு கலர் மாதிரி, இப்பிடி டக்குனு போயிரும். இம்புட்டு ஆளுங்க இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது." ஜெபமாலை சுற்றிய கையாலேயே ஒரு கும்பிடும் போட்டாள்.

"இப்ப ஸ்டேஷனா?"

"பசிக்குதுக்கா."

பசிக்கவில்லை. பார்க் பெஞ்சில் உட்கார்ந்து கிழங்கு சாப்பிட்டோம். பிறகு மார்க்கட். மிளகும் கராம்பும் குவித்து வைத்திருந்த கடையில், வாங்குகிற எண்ணமே இல்லாமல் அரை மணித்தியாலம் விலை பேசினாள். கடைக்கார முஸ்லிம் நானாவுக்கு அது விளங்கிவிட்டது. அவரும் சளைக்காமல் பேசினார். "வாங்காட்டியும் பரவாயில்ல, வந்து போங்க தாத்தா" என்று, அவர்கள் வழக்கப்படி அக்காவைத் 'தாத்தா' என்றழைத்து, சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். பிறகு ஒரு கூல்பாரில் ஆளுக்கொரு ஃபலூடா. பிறகு புடவைக் கடை. பார்க்க மட்டும்.

"தம்பி, ஸ்டேஷன் மூடிருவாங்கடா!"

"ஸ்டேஷன மூட மாட்டாங்கக்கா. நாளைக்குக் காலையில போவோம். காலையிலதான் வெளிச்சம் நல்லா இருக்கும்."

நம்பினாள். இந்த மனுஷி என்னைக் கேள்வி கேட்டதே இல்லை. அதுதான் நெஞ்சைக் குத்தியது. அறைக்குத் திரும்பிச் சாய்ந்து படுத்தபடி நான் ஒரு பதிலைத் தயார் செய்துவிட்டேன். சுவரை இடித்துவிட்டார்கள். ஸ்டேஷன் திருத்த வேலை நடந்தபோது இடித்துவிட்டார்கள். பாவம், நல்ல சுவர். முடிந்தது கதை. ஒரு பழைய பொய்யை அடக்கம் செய்ய ஒரு சின்னப் புதுப் பொய். என்ன கெட்டுவிடும்?

காலையில் அவள் எனக்கு முன்னமே எழும்பிக் குளித்து, குருத்தோலை ஞாயிற்றுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

ஸ்டேஷன் சின்னது. காலை ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ப்ளாட்ஃபோமில் ஒரு ரயில்வே ஊழியர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெறுகிற வயதுதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவரிடம் போய்விட்டாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"மஹத்தயா, அந்தக் கடல் வரைஞ்ச சுவர் எந்தப் பக்கம்?"

அவர் யோசித்தார். "என்ன சுவர் அக்கே?"

"பாதை முடியிற இடத்துல இருக்குமே, பெரிய வெள்ளைச் சுவர். அலை, தோணி எல்லாம்..."

"நான் இங்க முப்பது வருஷமா இருக்கேன். எங்க அப்பாவும் இங்கதான் வேல செஞ்சார். அப்பிடி ஒண்ணு இருக்கல்லையே."

"இருந்திச்சு மஹத்தயா. நீங்க மறந்திருப்பீங்க. என் தம்பி சின்ன வயசுல பாத்திருக்கான்." என்னைக் கையால் காட்டினாள். "பேப்பர்ல எழுதுறவன். அவன் பொய் சொல்ல மாட்டான்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒருவேள இடிச்சிட்டாங்களோ?"

பாருங்கள்! நான் இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பொய்யை அவளே எடுத்து என் கையில் தருகிறாள். 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் அந்தச் சேலையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்... வரவில்லை.

"இல்லக்கா. சுவரே இருக்கல. நான் சொன்னது பொய்."

"என்ன?"

"வாந்தி எடுத்து நாள் பூரா லொறியிலதான் படுத்திருந்தேன். ஒண்ணுமே பாக்கல. ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் திரும்பினாள். ப்ளாட்ஃபோமின் அடுத்த முனைவரை நடந்துபோய், அங்கிருந்த பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் மனம் லேசாகிவிடும் என்று எழுதுகிறார்களே... நானே இதே பத்திரிகைப் பத்தியில் எழுதியிருக்கிறேன். அப்படியெல்லாம் ஆகவில்லை. பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு மெல்லப் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பீலிக்கரையில ஒனக்காகச் சண்ட போட்டேன்டா" என்றாள், என்னைப் பார்க்காமலே. "தண்ணி புடிக்கப் போன எடத்துல, 'ஒன் தம்பி கத விடுறான், அங்க சுவரெல்லாம் இல்ல'ன்னு பிலோமினா சொன்னா. அவ முடியப் புடிச்சு இழுத்து, குடத்த ஒடச்சு... அம்மாகிட்ட அடி வாங்கினேன். அப்பக்கூட நீ சொல்லல."

எனக்கு அந்த அடி ஞாபகம் இருந்தது. எதற்கு அடித்தார்கள் என்பது அன்றுவரை தெரியாது.

"குவைத்துக்குப் போன புதுசுல, நான் வேல செஞ்ச வீட்டுக்காரங்க ஒரு நாள் என்னையும் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் மொதமொதல்ல கடலப் பாக்குறேன். என்ன நெனச்சேன் தெரியுமா? அட, மாத்தளை ஸ்டேஷன் சுவர் மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன்டா. யாரும் தெரியாத ஊருல, ஏதோ நம்ம பக்கத்துச் சாமானப் பாத்த மாதிரி... ஒரு தெம்பு வந்துச்சு."

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "லொறியில ஒனக்கும் ஒரு எடம் குடுத்திருந்தா நானும் பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

"எடம் இருந்துச்சு."

"ஆ?"

"என் பேரும் லிஸ்ட்ல இருந்துச்சு. சப்பாத்து இல்லாதவங்க வரக்கூடாதுன்னு பெரிய வாத்தியார் சொல்லிட்டாரு. டவுன்ல மானம் போயிருமாம். வீட்டுல இருந்தது ஒரு சோடி. நான்தான் போய், 'என் பேர வெட்டிட்டு தம்பி பேரப் போடுங்க சேர்'னு சொன்னேன்."

இதை அவள் ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நேற்று மார்க்கட்டில் மிளகின் விலையைச் சொன்னது போல, சும்மா சொன்னாள். நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இது அவள் வாயில் வந்ததில்லை. லொறியில் இடமில்லாததால் அக்கா வரவில்லை... எவ்வளவு வசதியான ஒரு உலகத்தில் நான் இருந்திருக்கிறேன்!

லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கண்ணில் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருந்தது.

"அப்ப... நீயும் ஒண்ணும் பாக்கலயா?"

"இல்லக்கா."

"கோபுரம்?"

"நேத்துத்தான் கிட்டப் போய்ப் பாத்தேன்."

"ரயிலு?"

"ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டிச்சு."

"ஐயோ" என்றாள். "ஐயோ பாவி... நீயாவது பாத்துட்டேன்னுல்ல இத்தன வருஷம் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவள் அழுதது அப்போதுதான். தான் ஏமாந்ததற்காக அழவில்லை. சாக்கின் மேல் படுத்திருந்த அந்தப் பையனுக்காக அழுதாள். எட்டு வயதில் எனக்குக் கிடைக்க வேண்டிய அழுகை, ஐம்பத்தாறில் கிடைத்தது. நானும் அழுதேன். காலை நேரத்து ஸ்டேஷனில் இரண்டு கிழடுகள் இப்படி அழுதால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கொடிக்காரர் தூரத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மெல்ல வந்தார். எங்கள் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அக்கே, பாதை முடியிற இடத்தையாவது பாத்துட்டுப் போங்க. அது பொய் இல்ல."

அவர் முன்னே போக, நாங்கள் பின்னே போனோம். கற்களில் அக்காவின் செருப்புத் தடுக்கியது. கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

தண்டவாளம் இரண்டும் புல்லுக்குள் போய், ஒரு குறுக்குக் கட்டையில் முட்டி நின்றன. அவ்வளவுதான். கட்டைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கல். அதற்கப்பால் ஒரு வேலி. வேலியில் யாருடைய பிள்ளையினதோ வெள்ளை ஸ்கூல் யூனிஃபோம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நீ சொன்னதுதான்டா நல்லா இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு கைப்பையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, மூச்சு முட்ட. கொடிக்காரருக்குச் சிங்களத்தில் விளக்கினாள், அலை, தோணி, ப்ரேக் எல்லாவற்றையும். அவரும் சிரித்தார். "அப்பிடி ஒண்ணு வரைஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது காலை ரயில் ப்ளாட்ஃபோமில் வந்து நின்றிருந்தது.

"தம்பி, நீ இதுல போயிருக்கியா?"

"கொழும்புல டெய்லி ட்ரெய்ன்லதான் போனேன் வந்தேன். மாத்தளை ரயில்ல போனதில்லக்கா."

"நானும் போனதில்ல. உக்குவளை வரைக்கும் போவோமா? அங்கயிருந்து பஸ்ல திரும்பி வந்திரலாம்."

ஊர் பார்க்க வந்த இடத்தில் ப்ரோக்ராமில் இல்லாத ஒரு பயணம். எவ்வளவு மலிவான ஆடம்பரம்! டிக்கட் எடுத்தோம். கூட்டம் கொஞ்சம் இருந்தது – கண்டிக்குப் போகிற ஆபீஸ்காரர்கள், கூடையோடு இரண்டு பெண்கள், யூனிஃபோம் பிள்ளைகள். நான்தான் முதலில் ஏறினேன். ஒரே ஒரு ஜன்னல் ஸீட் காலியாக இருந்தது. பாய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. பழக்கம். வாழ்நாள் பழக்கம்!

அக்கா என் முன்னால் வந்து நின்றாள். கைப்பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"எழும்பு."

"அக்கா?"

"எழும்புடா. ஜன்னல் எனக்கு."

ஐம்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் சாமான் அது. எழும்பினேன். அவள் உட்கார்ந்தாள். சேலையைச் சரி செய்தாள். முகத்தை வெளியே திருப்பினாள். ஹோர்ன் அடித்தது, ரயில் நகர்ந்தது. அதற்குப் பிறகு உக்குவளை வரும்வரை என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய நரைத்த பின்னலைப் பார்த்தபடி நின்றேன். வெளியே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். இந்தத் தடவையும் நான் ஒன்றும் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிற அக்காமாரே... ஜன்னல் ஸீட்டைக் கேட்டு வாங்குங்கள். தம்பிமார் நின்றுகொண்டு வரட்டும். கால் ஒன்றும் ஒடிந்துபோகாது!